பத்து அட்மிஷன்

ஏப்ரல் கடைசி வாரம்.
பரீட்சைத்தாள் திருத்தி முடித்த மறுநாளே
மூன்று வேனில் ஏற்றி
முக்கூடல் பக்கம் இறக்கிவிட்டார்கள் எங்களை.
இரண்டு மிஸ்ஸுக்கு ஒரு தெரு,
ஆளுக்கு ஐம்பது நோட்டீஸ்,
ஒரு பாட்டில் தண்ணீர்.
பத்துப் பிள்ளை சேர்த்தால் மே மாதச் சம்பளம்.
ஒன்பதுக்கு என்ன என்று
யாரும் தாளாளரிடம் கேட்கவில்லை.

அவர் முன்பு ஓடும் சிமெண்டும் விற்றவர்.
இப்போதும் சேர்க்கை என்று வாயில் வராது,
'எத்தன லோடு ஏறிருக்கு?' என்பார்.
கெட்டவர் என்று சொல்ல வரவில்லை.
வேன் டியூவும் கட்டடக் கடனும்
சட்டைப்பையில் மடித்தபடியே இருக்கும் அவருக்கு.
பதினெட்டாயிரம் என்று எழுதிய இடத்தில்
கையெழுத்துப் போட்டு
ஒன்பதரை வாங்கும்போது
பேனாவை அவரே தருவார்,
மூடியைக் கழற்றி.

மத்தியானம் பன்னிரண்டு.
வேப்ப நிழல் மரத்தடிக்குள் ஒடுங்கிவிட்டது.
வீட்டுக்கு வீடு மடியில் சுளகு,
சுளகில் இலை, தூள், நூல்.
விரல் நிற்காமல் கண் மட்டும் நிமிர்ந்து
'உள்ள வாங்க மிஸ்' என்கிறார்கள்.

எனக்கு மனப்பாடம்:
வாசலுக்கே வேன் வரும்,
யுகேஜியிலேயே இந்தி,
வெள்ளிக்கிழமை கராத்தே,
வகுப்புக்கு ஒரு கேமரா,
நீங்க இருந்த இடத்துலயே போன்ல பாக்கலாம்.
(கேமரா இருக்கிறது.
வயர் இன்னும் இழுக்கவில்லை.)

முப்பிடாதி முழுதும் கேட்டாள்.
புருசன் திருவனந்தபுரத்தில் கம்பி கட்டுகிறாராம்.
டெர்முக்கு ஆறாயிரம் என்றதும்
உதடு மட்டும் அசைந்தது.
'இருவத்தஞ்சு நாளு' என்றாள்.
ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி.
அவள் ரூபாயில் எண்ணவே இல்லை.

'கவர்மெண்டு ஸ்கூல் டீச்சரு தங்கமானவிய.
புஸ்தகம் சும்மா, முட்டையும் உண்டு.
ஆனா அஞ்சு கிளாஸுக்கு ரெண்டு பேரு
என்ன செய்வாவ பாவம்.
அப்புறம்…' என்று நிறுத்தி
சிரித்துக்கொண்டாள்.
'அந்த டை கட்டிக்கிட்டு
இவ இந்தத் தெருவுல நடக்கணும்.'

இவள் என்பது தன்ஷிகா.
நோட்டீஸில் இருக்கும் பிள்ளையின் பல்லை
ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள்.
அந்தப் பிள்ளை எங்கள் பள்ளி இல்லை,
எங்கிருந்தோ எடுத்த படம்.

ஃபாரத்தை எடுத்தேன்.
இது பத்தாவது.

'ஒண்ணு கேக்கட்டுமா மிஸ்?
இவ அக்காக்காரி உங்க ஸ்கூல்லதான் மூணாப்பு.
போன வருசம் மூணு மிஸ்ஸு மாறிட்டாவ.
கடசி மிஸ்ஸு போனப்ப
ஒரு வாரம் வேன்ல ஏற மாட்டேன்னுட்டா.
கராத்தே கெடக்கட்டும், கேமரா கெடக்கட்டும்.
நீங்க இருப்பியளா?
வருசம் முழுக்க?'

நோட்டீஸில் இதற்கு வரி இல்லை.

பையில் போன். போனில்
சுரண்டைப் பள்ளி ஒன்றின் செய்தி:
பன்னிரண்டு தருகிறோம், ஜூன் ஒன்று,
அசல் சான்றிதழோடு வரவும்.
மூன்று நாளாகப் பதில் போடவில்லை.
என் பி.எட். அசல்
தாளாளர் பீரோவில் கிடக்கிறது,
ரசீதுக் கட்டுகளுக்கு அடியில்.
நான் இருப்பேனா தெரியாது,
அது இருக்கும்.

'பாப்பம்க்கா' என்றேன்.
பொய் சொல்லும் வேலைக்குத்தான் வந்திருந்தேன்,
இந்த ஒன்றுக்கு மட்டும் நாக்கு எழவில்லை.

முப்பிடாதி கோபப்படவில்லை.
ஒரு பீடியின் வாயை மடக்கிவிட்டு
ஃபாரத்தை என் பக்கமே தள்ளினாள்.
'ஸ்கூல் தொறக்கிற அன்னைக்கி நீங்களே வாங்க.
அப்ப தாரேன் ரூவா.
வேற மிஸ்ஸு வந்தா
நான் யோசிச்சுக்கிடுதேன்.'

முக்கில் வேன் ஆரன் அடித்துக்கொண்டிருந்தது.
ஜெபக்கனி மிஸ் முதல் சீட்டில்
செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.
'எத்தன?'
'ஒன்பதரை.'

எங்கள் சம்பளமும் அதுதான் என்பதால்
அவள் சிரிக்கலாமா என்று பார்த்தாள்.
பிறகு பாட்டிலை நீட்டினாள்.
தண்ணீர் சுட்டது.