பதினொன்றாவது கையெழுத்து

மனுவில் பதினொன்றாவது கையெழுத்து என்னுடையது.
பேனா எழுதவில்லை. உதறி,
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து,
பிறகுதான் போட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீரவநல்லூர் கிளை நூலகத்தில்
சனிக்கிழமை பத்தரைக்குக் கதை வாசிப்பு.
வாசிப்பவர் சொரிமுத்து,
கணியான் கூத்தில் சேலை கட்டி ஆடுகிறவர்.
அதே சேலையில் வருவார் என்று
நூலகர் செலின் ஞானதங்கம் பலகையில் எழுதிவிட்டார்,
சாக்பீஸில், கொட்டை எழுத்தில்.

"கோயில்ல ஆடுனா அது சாமி காரியம் வே.
இங்க என்ன காரியம்?" என்றார் பரமார்த்தலிங்கம்,
உரக்கடை வாசலில் மனுவை நீட்டியபடி.
"பிஞ்சு மனசு. என்னத்தையாவது நெனச்சிரும்."
பின்னால் நின்ற யாரோ
"கூலி எவ்வளவாம்?" என்று மட்டும் கேட்டார்.

சித்திரைக் கொடையில், நடுச்சாமத்தில்,
மகுடம் இரண்டும் அதிர அதிர
ஆவுடைச்செல்வியைத் தோளில் ஏற்றி
இதே சொரிமுத்துவைக் காட்டியது நான்தான்.
"பாரு பாரு, எப்படிச் சுத்துதாவ பாரு."
கைவெட்டு நேரத்திலும் இறக்கவில்லை.
இலையில் விழுந்த ரத்தத்தைப் பார்த்தாள்,
பார்த்துவிட்டு முறுக்கு கேட்டாள்.
அன்று கலங்காத மனசு
டியூப்லைட் வெளிச்சத்தில் கலங்கும் என்று
எந்தக் கணக்கில் ஒப்புக்கொண்டேன்?
உரக்கடையில் பாக்கி இருந்தது,
அந்தக் கணக்கிலா?

வேவு பார்க்கத்தான் போனேன்.
அகராதி அலமாரிக்குப் பின்னால் நின்றேன்.
பதினாலு பிள்ளைகள், ஒரு கிழிந்த பாய்.
மீசை மழித்த இடத்தில் பவுடர் திட்டுத் திட்டாக.
கூத்தில் போடாத மூக்குக்கண்ணாடி வேறு.
எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசித்தார்.
ஆற்றில் ஒரு நீர்நாய்த் தாய்,
குட்டிகளை எண்ணத் தெரியாதவள்.
"ஒண்ணு... ரெண்டு... நாலு..."
"மூணு!" என்று கூரை பிய்ந்தது.

நடுவில் என் மகள் எழுந்து நின்று
"ஒங்க சடை நெசமா?" என்றாள்.
"இல்ல தாயி. ஊசி குத்துது, நீ பிடிச்சுக்க."
கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுப்
பக்கத்தைப் புரட்டினார்.
கிராப்புத் தலையோடு நீர்நாய்த் தாய்
தொடர்ந்து அழுதாள்.
ஒரு பிள்ளைக்கும் அது இடறவில்லை.

செவ்வாய்க்கிழமை மேலிடத்துத் தாள் வந்தது:
மறு உத்தரவு வரும்வரை.
பலகையைத் துடைத்திருந்தார் செலின்.
ஈரத்துணி போதாமல் ஒரு 'சொ' மிச்சம்.

போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று
நான் கேட்கவில்லை.
கேட்கலாம். உரக்கடை எட்டு மணிவரை திறந்திருக்கும்.

ராத்திரி அவள் தூங்க மாட்டேன் என்றாள்.
அந்தக் கதை வேணுமாம், அந்தக் குரலில்.
தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினேன்.
கொக்கியும் போட்டேன்.
தொண்டையை மெலிதாக்கி
"ஒண்ணு... ரெண்டு..."
"ஏம்ப்பா கூச்சப்படுத? அவிய மாதிரி சொல்லு."
மறுபடி ஆரம்பித்தேன்.
நாலு என்பது பல்லில் இருக்கும்போதே
தெரு முழுக்கக் கேட்கிறாற்போல
கத்தினாள், மூணு.