முக்கால்

கச்சாங்குக்கு வயது இரண்டே கால்.
அந்தக் காலைத் தவிர
மற்ற நான்கையும் தரமாட்டேன் என்கிறாள்.
காதைத் திருகினால் பொறுப்பாள், வயிற்றில் தட்டினால் நிற்பாள்.
முழங்காலுக்குக் கீழே கை போனால்
தொழுவமே அவளோடு எழும்பும்.

பாலேக் பூலாவில் இது டுரியான் காலம்.
விடியுமுன்பே தோப்பில் பழம் விழத் தொடங்கிவிடும்.
ஒவ்வொரு விழுகைக்கும் அவள் தோல்
ஈ உட்கார்ந்ததுபோல் ஒருமுறை சுருங்கி விரியும்.

கையால் தொடங்கவில்லை. கை எனக்கு வேண்டும்.
பிரம்பு நுனியில் பஞ்சடைத்த ரப்பர் கையுறை,
ஐந்து விரலும் விறைத்த, யாருக்கும் சொந்தமில்லாத கை.
தோளில் வைத்து மெல்ல இறக்கினேன்.
உதைத்தாள்.
எடுக்கவில்லை.
உதைத்தாள்.
எடுக்கவில்லை.
எதையோ யோசிப்பதுபோல் ஒரு கணம் ஓய்ந்தாள்.
எடுத்துவிட்டேன்.
உதைக்கும்போது விலகினால் உதையைக் கற்பாள்,
ஓயும்போது விலகினால் ஓய்வை.
சொல்ல ஒரு வரி.
செய்ய ஒன்பது நாள்.

அவள்மேல் தப்பில்லை.
கொம்பில்லை, நகமில்லை, ஏறிக்கொள்ள மரமில்லை.
நான்கு காலும்தான் அவளுக்கு வாசல்.
ஒன்றைக் கொடு என்பது
கதவைக் கழற்றிக் கொடு என்பது.

அண்ணன் சிரித்தான்:
"கடைசியில நீயும் காலப் பிடிக்கிறியே, பவளா."
பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஆள் குறைத்தபோது
மேனேஜர் முன்னால் போய் நில் என்றார்கள்.
யார் காலையும் பிடிக்கமாட்டேன் என்று பையைத் தூக்கியவள் நான்.
இப்போது தினமும் ஆறு மணிக்குக் குனிகிறேன்,
அவள் தோளோடு என் தோள் ஒட்ட, வாலைப் பார்த்த முகமாக.
பின்நரம்பை இரு விரலால் லேசாகக் கிள்ளி
"கொடு" என்கிறேன்.
கெஞ்சுவதில்லை.
கெஞ்சினால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

பத்தாம் நாள் முன்னங்கால் வந்தது.
உள்ளங்கையில் குளம்பு: ஈரமண், ஒரு கூழாங்கல், நசுங்கிய வைக்கோல்,
நடுவில் ரப்பர்போல் ஒரு முக்கோணம், இளஞ்சூடாக.
மூன்று எண்ணினேன்.
அவள் பிடுங்குமுன் நானே இறக்கினேன்.
போடவில்லை, வைத்தேன்,
நிறைந்த கிளாஸை மேசையில் வைப்பதுபோல.
மறுநாள் ஏழு. அதற்கடுத்த நாள் இருபது.
சுத்தியல் ஒருநாள் வரும் என்று
மைலோ கரண்டியால் அடியில் தட்டிச் சொல்லிவைத்தேன்.
பின் இடதை மட்டும் ஐந்துக்கு மேல் தரவில்லை.

வியாழக்கிழமை
பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி வந்தார் ஸுல்ஹைமி.
தோல் ஏப்ரன், அரம், வாயில் ஒரு கிராம்பு.
கருவியைத் தொடுமுன் வெறும் கையை அவளுக்கு முகரக் கொடுத்தார்.
முன் இரண்டும் முடிந்தன.
தேங்காய்ச் சீவல்போல் குளம்பு உதிர்ந்தது.
பின் வலது.
நான் மூச்சுவிட மறந்தேன், அவள் விட்டாள், நீளமாக.
பின் இடது தரையைவிட்டு எழும் நேரம்
தகரக் கூரையில் விழுந்தது ஒரு டுரியான்.

பிறகு நடந்ததற்கு சாட்சி
அந்த அலுமினிய வாளி.

வேனுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து
ஸுல்ஹைமி சிரித்தார்: "தீகா சூக்கு."
மலாயில் அதற்கு முக்கால் என்றும் பொருள்,
கிறுக்கு என்றும் பொருள்.
அவளைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா, கேட்கவில்லை.
மூன்று குளம்புக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு போனார்.

இன்று வெள்ளி. மழை.
கச்சாங் நின்றபடியே தூங்குகிறாள்
மூன்று காலில்.
நான்காவது, அதே பின் இடது,
நுனி மட்டும் தரையில் பட, இடுப்பு தளர,
யாரும் கேட்காமலே சற்றுத் தூக்கியிருக்கிறது.
குளம்புக் கொக்கியை எடுத்தேன்.
திரும்ப ஆணியில் மாட்டினேன்.
வாசலில் உட்கார்ந்து, சத்தம் வராமல்,
கட்டைவிரலால் உள்ளிருந்து அழுத்தி அழுத்தி
வாளியை நிமிர்த்தினேன்.

கால்வாசி நிமிர்ந்தது.