மேசைவிரிப்பு

மரின் பரேட் சமூக மன்றம், சனிக்கிழமை.
பூப்பந்துக் கோடுகள் போட்ட தரையில்
கடலை விரித்து வைத்திருந்தோம்,
ஆறு மேசை நீளத்துக்கு.
இன்னும் பிறக்காத கரை அதில் புள்ளிக்கோடாக.

வருகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று வில்லை.
சாம்பல் ஒட்டினால் சுவர்.
நீலம், மதகு.
பச்சை, கண்டல் மரம்.
பதினொரு மணிக்கே பச்சை தீர்ந்துவிட்டது.
கடைசிப் பச்சையை ஒரு பையன்
மூக்கில் ஒட்டிக்கொண்டு ஓடினான்.

நான்கு மொழிப் பலகைகளில் தமிழ் என் பொறுப்பு,
கழிவறைக்குப் போகும் வழியில் நிற்பது.
அதில் ஒரு சொல்லோடு மூன்று இரவு மல்லுக்கட்டினேன்.
நிலமீட்பு.
எல்லோரும் எழுதுவதுதான்.
ஆனால் மீட்பதென்றால்
முன்பு யாரோ பறித்திருக்க வேண்டும்,
அல்லது நாம் அடகு வைத்திருக்க வேண்டும்.
கடல் எந்த ஊர் வட்டிக்கடை?
கடல் நம்மைக் கொண்டதற்குக்
கடல்கோள் என்று பெயர் வைத்து
ஆயிரம் ஆண்டாகப் புலம்புகிறோம்.
நாம் கடலைக் கொண்டதற்கு?
அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள்.
நிலமீட்பு என்றே போட்டேன்.

நூற்றாண்டு முடிவில் ஒரு மீட்டர்,
கொஞ்சம் மேலேயும் போகலாம் என்றார் பொறியாளர்.
பன்னிரண்டாவது மாடி திரு குவெக் கைதூக்கினார்:
"என் வீட்டுக் குத்தகை இன்னும் ஐம்பது ஆண்டு.
எது முதலில் முடியும்,
அதுவா, இதுவா?"
அரங்கம் சிரித்தது.
பொறியாளர் குறித்துக்கொண்டார்.

நாலு மணிக்கு, நாற்காலிகளை அடுக்கும்போது
அவள் வந்தாள்.
உணவு விநியோகச் சட்டை, கக்கத்தில் தலைக்கவசம்.
பதிவேட்டில் ரொஹானா பிந்தி பூயோங் என்று எழுதிவிட்டு
மேசை மேசையாக மேற்கே நடந்தாள்.
மரினாவோடு தாள் முடிந்தது.

"மேற்குக் கரைக்குத் தனிக் கூட்டம்," என்றேன், "அடுத்த ஆண்டு."
"கரை இல்லை. தீவு."
பெயரைச் சொன்னாள். எழுத்துக்கூட்டச் சொல்லி
மூன்று முறை கேட்டேன்.
அவள் அம்மா பிறந்த இடம்.
பக்கத்துத் தீவுகளோடு சேர்த்துத் தூர்த்து
இப்போது எண்ணெய்த் தொட்டிகள் நிற்கின்றன.
"பாலம்வரை போயிருக்கிறேன்,
கோழிச்சோறு கொடுக்க.
காவல்சாவடியிலேயே வாங்கிக்கொள்வார்கள்."
கோபமாகச் சொல்லவில்லை.
முகவரி சொல்வதுபோல் சொன்னாள்.

தாள் முடிந்த இடத்திலிருந்து
வெள்ளை மேசைவிரிப்பு தொடங்கியது.
விரலால் சாண் போட்டு அளந்தாள்,
தெற்கே கொஞ்சம் இறக்கினாள்,
சாம்பலை ஒட்டினாள். அதன்மேல் நீலம்.
"பச்சை?"
இல்லை என்றேன்.
அவள் குனிந்து பார்த்தாள்.
நாற்காலிக் காலில் கிடந்தது பையனின் மூக்கிலிருந்து விழுந்தது,
பசை போய், தூசி படிந்து.
அதைக் கட்டைவிரலால் நெடுநேரம் அழுத்திக்கொண்டு நின்றாள்.
கைபேசி மணி அடித்தது, அடுத்த பொட்டலம்.
போய்விட்டாள்.

சுவரா, மதகா, மரமா?
அவள் எதைக் கேட்டாள் என்று எனக்கு இன்றும் தெரியாது.

விரிப்பு உணவு ஏற்பாட்டாளருடையது.
திருப்பித் தராததற்குப் பன்னிரண்டு வெள்ளி பிடித்தார்கள்.
அலுவலக இழுப்பறையில் மடித்து வைத்திருக்கிறேன்.
ஓரத்தில் கறிபஃப் எண்ணெய் பரவி
ஒரு தீவுபோலக் காய்ந்திருக்கிறது.

கணினியில் ஒவ்வொரு வில்லைக்கும் கட்ட எண் கேட்கும்.
எண் இல்லாமல் அடுத்த பக்கம் போகாது.
அறிக்கையின் அடியில் கையால் எழுதினேன்:
வில்லை மூன்று. இடம், வரைபடத்துக்கு வெளியே.
செல்லும்.

மேலதிகாரி இன்னும்
அந்த வரியை அடிக்கவில்லை.