தொண்ணூற்றெட்டு கிலோ

தொழிற்சாலை பஸ் இந்த மாதத்தோடு நிற்கிறது.
அறிவிப்பு மலாயில் இருந்தது,
'வருந்துகிறோம்' மட்டும் தடித்த எழுத்தில்.
கையுறை உறிக்கும் இரவு ஷிப்ட் ஏழு மணிக்கு,
கூலிம் தொழிற்பேட்டையில்.
எனக்கு வயது முப்பத்து மூன்று.
சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை,
லைசென்ஸ் பள்ளிக்கூடத்து மோட்டாரைத் தவிர.
அது வட்டம் மட்டும்தான் சுற்றும்.

எனக்கு மோட்டார் தேவை என்று தெரிந்ததும்
பாடாங் செராய் முழுக்க மோட்டார் தெரிந்தவர்கள் ஆனார்கள்.
தம்பி லோகேந்திரன் நூற்றைம்பது சிசி என்றான்.
கைபேசியில் படம். நீலம்.
பாயப் போகிற வெட்டுக்கிளி மாதிரி முன்னால் குனிந்திருந்தது.
'லாரிக்குப் பின்னால மாட்டிக்கக் கூடாதுக்கா.'
சனி ஞாயிறில் அது யாரிடம் இருக்கும் என்று
நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
சாப்பாட்டுக் கடை மங்களேஸ்வரி ஸ்கூட்டர்தான் என்றாள்:
சீட்டுக்கு அடியில் ஒரு முழுக்கோழி போகுமாம்.
எங்கள் சாலைக் குழிகளில்
அந்தச் சின்னச் சக்கரமே போய்விடும்.
பஸ்ஸில் பக்கத்து சீட் ஹயாத்தி
கண்ணைத் திறக்காமல் சொன்னாள்,
'எதுவா இருந்தாலும் மழைக்கோட்டுக்கு முதல்ல காசு எடுத்து வை.'
வந்த யோசனைகளில் அது ஒன்றுதான் உருப்படி.

எவ்வளவு வேகம் போகும் என்று எல்லாரும் சொன்னார்கள்.
எப்படி நிற்கும் என்று ஒருவரும் இல்லை.

ஆ கியோங் கடையில்
நீலத்தின் மேல் ஏறினேன்.
பெருவிரல் நுனி மட்டும் சிமெண்டைத் தொட்டது,
கூட்டத்துக்குப் பின்னால் நின்று
தேரை எக்கிப் பார்ப்பவள் போல.
இறங்கினேன்.

மூலையில் ஒரு கப்பச்சாய்.
கறுப்பு, இரண்டாம் கை. முன்பு மீன்காரருடையதாம்;
கூடைக்கம்பியில் இன்னும் உப்பு பூத்திருந்தது.
கிளட்ச் பிடிக்க வேண்டாம், மிதித்தால் கியர்.
உட்கார்ந்தேன்.
இரண்டு பாதமும் தரையில்.
குதிகால் கூட.

'கீழே போட்டுப் பார்க்கலாமா?' என்றேன்.
ஆ கியோங்குக்குத் தமிழ் தெரியும்,
அந்த நிமிடம் தெரியாமல் போயிற்று.
மலாயில் சொன்னேன். அதற்கும் அதே பார்வை.
தம்பி விலைக்கு இருந்த ஹெல்மெட் ஒன்றில்
அவசரமாக முகத்தை நுழைத்துக்கொண்டான்.
'விழுந்தா நான்தானே தூக்கணும்.
காலை ஏழரை, கண்ணு செருகுற நேரம், செம்பனைக்கு நடுவுல.
நீங்க ரெண்டு பேரும் அப்போ தூங்கிக்கிட்டு இருப்பீங்க.'

கிழிந்த டயர் ஒன்றைப் போட்டு
அதன்மேல் சாய்த்துக் கொடுத்தார்.
முதல் தடவை கையால் இழுத்தேன்.
வரவில்லை. தோளில் ஒரு சொடக்கு.
இரண்டாவது தடவை
சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி,
பிடியில் ஒரு கை, பின்கம்பியில் ஒரு கை,
தொடையால் எழுந்தேன்.
தொண்ணூற்றெட்டு கிலோவும் கூடவே எழுந்தது,
அரைத்தூக்கத்து மாடு மாதிரி, மனமில்லாமல்.
ஸ்டாண்டைத் தள்ளிய பிறகுதான் மூச்சு விட்டேன்.

இருநூறு வெள்ளி குறைத்தார்.
ஏன் என்று சொல்லவில்லை.
முன் டயரும் புதுசு போட்டுத் தந்தார்.

ஒன்றாம் தேதி, மாலை ஆறு.
லாரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழங்கள்
வளைவில் நசுங்கி எண்ணெயாய்க் கிடந்தன.
நாற்பதுக்கு மேல் முள் ஏறவில்லை.
ஹார்ன் அடித்த அத்தனை பேருக்கும் ஓரம் கொடுத்தேன்.
ஒரு தடவை மூன்றாம் கியரில் கிளம்பி
அது முனக, நானும் முனகினேன்.

பஸ் வந்து நிற்கும் இடத்தில்
இன்றைக்கு ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

டவுன் முனையில் சிவப்பு.
நின்றேன். பச்சையாய் நியூட்ரல் விளக்கு.
ஒரு கால் ஊன்றினால் போதும்,
எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள்.
நான் இரண்டையும் ஊன்றினேன்.