ஒன்பதாவது ஷட்டர்

ஞாயிறு மன்னார்குடியில் பரீட்சை.
எப்படியும் வருமென்கிறார்கள் பதினைந்து மார்க் கேள்வி:
சானட்டின் உருவமும் சந்தமும்.
பதினான்கு வரி. வரிக்கு ஐந்து சீர்,
மெலிந்து ஒன்று, அழுந்தி ஒன்று.
எட்டாம் வரி முடிந்ததும் ஒரு திருப்பம்.
நீர்மட்டப் பதிவேட்டின் பின்னட்டையில்
எழுதி எழுதிப் பார்த்தேன்.
மனப்பாடம் ஆனது, விளங்கவில்லை.

நேர், நிரை, தேமா, புளிமா
என்று விரல்விட்டுப் பழகிய கை இது.
நமக்கு எதுகை வரியின் தலையில்,
அவர்களுக்கு வாலில்.
அதுகூடப் பிடிபட்டுவிட்டது.
அழுத்தம் என்கிறார்களே, அதுதான்
காதுக்கு எட்டவேயில்லை.
கோரையாற்று லஸ்கருக்கு எதற்கு எம்.ஏ. என்று
கேட்டவர்களுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்.

புதன் இரவு பதினொன்றரைக்கு ஏ.இ. போன்:
"தெய்வநாயகம், முறை மாறுது.
எல்லாத்தையும் ரெண்டடி ஏத்து."

பதினான்கு ஷட்டர்.
இருபது வருஷமாய் கிரீஸ் போடுகிறேன்,
அன்றைக்குத்தான் எண்ணினேன்.

கைப்பிடியைச் சுற்றினேன்.
எந்த வெள்ளத்திலோ வளைந்த தண்டு,
அரைச்சுற்று இலேசாய் வரும்,
அரைச்சுற்று தோளைக் கேட்கும்.
இலேசு பாரம் இலேசு பாரம்
ஐந்து சுற்றுக்கு ஒருதரம் மூச்சு வாங்க நிற்பேன்.
நின்றேன்.
நின்ற இடத்தில் வரி முடிந்திருந்தது.
அந்த ஷட்டரை இறக்கி மறுபடி ஏற்றினேன்,
ஏ.இ.க்குத் தெரியாது.

எட்டு ஏறிவிட்டது.
ஒன்பதாவது அசையவில்லை.
டார்ச் அடித்தால் வெங்காயத்தாமரைக் குவியல்,
அதற்குள் சிக்கி யார் வீட்டு நாற்காலியோ,
நீல பிளாஸ்டிக், மூன்று கால்.
இடுப்பில் கயிறு கட்டி இறங்கினேன்.
திருப்பம் என்றால்
'ஆனால்' என்று ஒரு சொல் போடுவது
என்றே நினைத்திருந்தேன்.
கழுத்தளவுத் தண்ணீரில் ஆனால்
என் விலாவில் இடித்தது.
இழுத்தேன். கொடுக்கவில்லை. அம்மா பெயரைச் சொல்லித்
திட்டி இழுத்தேன்.

பிறகு மீதி ஐந்தும் ஏறியபோது
ஆறு வேறு குரலில் போனது.
கடைசி இரண்டு மட்டும் ஒன்றுபோல் கிறீச்சிட்டன.

விடிய நாலு மணிக்கு இடும்பாவனத்திலிருந்து
மதலையம்மாள் போன், கடைமடைக்காரி, தூங்காதவள்.
"தொறந்தியா?"
"தொறந்தாச்சு. இன்னும் வரலியா?"
"வரல. வாய்க்கால்ல எலி ஓடுது."

விடைத்தாளில் நாற்காலியை எழுத முடியாது.
ஈரப் பதிவேட்டை வெயிலில் விரித்துவிட்டு
உட்கார்ந்திருக்கிறேன், அந்த மூன்று காலில், சுவரோடு சாய்ந்து.
பதினைந்துக்கு
ஆறு வந்தால் போதும்.