நிலைக்கும் ஆழம்

ஒவ்வொரு புத்தக முதுகிலும் ஒரு வில்லை.
சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, ஆரஞ்சு,
எல்லாவற்றுக்கும் மேலே பொன்நிறம்.
நியூசிலாந்தின் தென்கோடியில்
பிளஃப் துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் பள்ளி.
வாரம் பதினெட்டு மணி நேரம்
நூலகம் என் பொறுப்பு.
ஜூன் மாதக் காற்று கதவைத் தள்ளும்போதெல்லாம்
சிப்பிக் கொட்டகையின் வாடையும் கூடவே நுழையும்.

விதி எளிது.
ஒரு பக்கத்தில் ஐந்து சொல் இடறினால்
அது உனக்குக் கடினம்.
ஒன்றுமே இடறாவிட்டால், எளிது.
இரண்டோ மூன்றோ என்றால் எடுத்துக்கொள்.
விரல் மடக்கி எண்ணச் சொல்லிக்கொடுத்தேன்.
மோராக் ஐந்தையும் மடக்கிவிட்டு
அடுத்த கைக்குப் போனாள்.
புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.
அது குதிரைகளைப் பற்றியது.

ரேவிக்குப் பத்து வயது.
என் தோள் உயரம்.
தேர்வுத்தாள் அவனுக்குத் தந்த நிறம் மஞ்சள்.
மஞ்சள் பெட்டி ஐந்து வயதுக்காரர்களின் கைக்கெட்ட
தரையோடு தரையாக இருக்கும்.
அவ்வளவு உயரமும் மடங்கிக் குனிந்து
ஒன்றை உருவிச் சட்டைக்குள் செருகுவான்.
"மழை, நனைஞ்சிடும்" என்பான்.
வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

துறைமுக அலுவலகத்தில்
பழைய கடல் வரைபடங்களைக் கழித்துக்கட்டினார்கள்.
கெட்டித்தாள், இலவசம்.
இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து
அறுபத்து மூன்று மஞ்சளுக்கும்
நீலத்தில் பாதிக்கும் அட்டை போட்டேன்.
வில்லை மறைந்தது.
உள்ளட்டை மூலையில்
பென்சிலால் ஒரு புள்ளி மட்டும்.

அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.
பொன்நிறத்து லூபே
வாத்து தொப்பி வாங்கும் கதையை எடுத்துப்போய்
வயிறு வலிக்கச் சிரித்து
"இந்த வருஷத்திலேயே இதுதான்" என்று திருப்பித் தந்தாள்.
வாத்தியார் கில்கிறிஸ்ட் வந்து நின்றார்:
யார் எந்த நிலையில் என்று
நான் எப்படித் தெரிந்துகொள்வது?
புள்ளியைக் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார்.

ரேவி புத்தகத்தைத் திறக்கவே இல்லை.
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
விரல் ஒரு கரையோரமாக நகர்ந்தது.
"பாறைத்தரை. நங்கூரமிடத் தகாது."
நிற்காமல் படித்தான்.
"ஓதம் திரும்புகையில் எதிரோட்டச் சுழல்."
என் பெட்டிகள் எதிலும்
இந்தச் சொற்களுக்கு நிறம் கிடையாது.

"அப்பா வலை இழுக்கிற இடம் மடிப்புக்குள்ள போயிடுச்சு,
பிரிச்சுக் குடுங்க."
பிரித்தேன்.
மஞ்சள் வில்லை மேசைமேல் பளிச்சென்று கிடந்தது.
அவன் அதைப் பார்க்கவில்லை.
தாளை நீவி விரித்து
எண்களைத் தொட்டுக்கொண்டே போனான்.
ஒன்பது பாகம், ஆறு பாகம், இரண்டரை.

இரண்டரையில் படகு தட்டாதா என்றேன்,
ஆழம் தெரியாமல் காலை விடும் பழக்கத்தில்.

"தட்டாது.
இது தண்ணி ரொம்ப வத்தினப்போ அளந்தது.
எப்பவும் இதைவிட அதிகமாத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டான்.
நான்தான் போகவில்லை.

அவன் தேர்வெழுதியது மார்ச்சில்,
ஒரு திங்கட்கிழமை.
அந்த வாரம் புயல்.
இரண்டு இரவாகப் படகு கரை திரும்பாத வீட்டிலிருந்து
நேராக வந்து உட்கார்ந்து
நாற்பது கேள்விக்கு விடை போட்டான்.

"வாத்து கதை நல்லா இருக்குமா?"
"லூபேவைக் கேள்."
"சரி, ரெண்டையும் எடுத்துக்கிறேன்."
படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினான்.
வாத்து கையிலேயே இருந்தது,
வில்லை வெளியே தெரிய.

பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே
மஞ்சள் என்று எழுதியிருந்தேன்.
அடிக்கவில்லை.
பக்கத்தில் 'வற்றத்தில்' என்று சேர்த்தேன்.
கில்கிறிஸ்ட் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

மோராக் குதிரைப் புத்தகத்தை
நான்காம் முறையாகப் புதுப்பிக்க வந்திருக்கிறாள்.
எத்தனை விரல் என்று கேட்கவில்லை.
தேதி முத்திரையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.