செட் ஆகாத ஜாம்

யெல் தீவில் ஜூன் மாதம்.
இரவு பத்தரைக்குச் சூரியன் செட் ஆகும் என்கிறது ரேடியோ.
சொல்லட்டும். இருட்டுவதில்லை.
வடக்கே கடலோரம் ஒரு வெளிச்சம்
விடிய விடிய நின்றுகொண்டிருக்கும்,
கடன் கேட்க வந்து
கேட்காமல் நிற்பவர் மாதிரி.

ஓஸ்லா இஸ்பிஸ்டர் ருபார்ப் ஜாம் கிளறுகிறாள்.
குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு
விரலால் தள்ளிப் பார்க்கிறாள்.
சுருக்கம் விழவேண்டும்.
ஓடுகிறது.

இத்தனைக்கும் அவள் வேலையே செட் செய்வதுதான்.
லெர்விக் ஆஸ்பத்திரி, மாவுக்கட்டு அறை.
விலகிய எலும்பை இழுத்துப் பொருத்தினால் செட்,
மேலே சுற்றிய மாவு இறுகினால் அதுவும் செட்.
இறுகும் முன் மாவு சுடும்.
பெரிய ஆம்பளைகளே பயந்து அவள் முகத்தைப் பார்ப்பார்கள்.

(ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லுக்குப்
பக்கம் பக்கமாய்ப் பொருள்.
நாம் தோசைக்கும் பம்புக்கும் பல்லுக்கும்
கொஞ்சம் எடுத்துக்கொண்டோம்.
மிச்சம் அங்கேயே கிடக்கிறது.)

டேவி அபர்டீன் கப்பலேறியபோது சொன்னது:
"நீ ஒன்றில் செட் ஆகிவிட்டால்
உன்னை அசைக்க முடியாது, ஓஸ்லா."
அதற்கும் அதே சொல்.
ஆறு வருடமாய் மேஜையில் ஒரு தட்டு, ஒரு முள்கரண்டி.
இதைப் போய் மேஜையை செட் செய்வது என்பார்களா?

செவ்வாய்க்கிழமை கிப்பி மூவட் வந்தான்.
இறால் கூண்டு செட் பண்ணப் போய்
மணிக்கட்டை முறித்துக்கொண்டவன்.
"எத்தனை கூண்டு?"
"நாற்பது."
"எடுத்தாயா?"
மாவு காயாத கையை உயர்த்திக் காட்டினான்.

சனிக்கிழமை அவள் இழுத்தாள், நாற்பதையும்.
அவன் ஒற்றைக் கையால் படகைப் பிடித்துக்கொண்டு
ஓயாமல் தப்புத் தப்பாய் யோசனை சொன்னான்.
பதினொரு இறால்.
ஒரு பழைய பூட்ஸ்.
முதுகு இன்னும் வலிக்கிறது.

இப்போது மணி பதினொன்றரை, பகல் மாதிரி.
கதவைத் தள்ளி
"ஆல் செட்?" என்கிறான் கிப்பி.
"எங்கே? தண்ணியாய் நிற்கிறது" என்று
பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டுகிறாள்.
பரணிலிருந்து இறங்கிய இரண்டாவது தட்டை
முன்றானையால் துடைக்கிறாள்.

ஓட்ஸ் ரொட்டிமேல் ஊற்றித் தின்கிறார்கள்.
வழிகிறது.
அவன் மாவுக்கட்டின்மேல் சிவப்பாய் ஒரு கோடு,
ஆறு வாரத்துக்குப் போகாது.